பினாங்கிலிருந்து கப்பலேறிய நாராயண பிள்ளை

1819ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. பினாங்கிலிருந்து புறப்பட்ட ‘இந்தியானா’ என்ற பாய்மரக் கப்பல் மலாக்கா நீரிணையில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களில் பெரிய மனிதர் சர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவர் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றிவிட்டு வந்திருந்தார். கொடி நாட்டிய இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க இப்போது இரண்டாவது முறையாகப் போகிறார். அதே கப்பலில் பினாங்கு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் நாராயண பிள்ளை.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அந்த எழுத்தர் செங்கல் சூளை வைத்தார், வீடுகள் கட்டிக் கொடுத்தார், ஊரிலேயே பெரிய துணிக்கடைக்குச் சொந்தக்காரரானார். பிறகு ஒரே தீவிபத்தில் எல்லாவற்றையும் இழந்து கடனாளியாகி, மறுபடியும் எழுந்து, ஒரு சமூகத்தின் தலைவராகி, இன்றும் நிற்கும் ஒரு கோயிலையும் நிறுவினார். சிங்கப்பூர்த் தமிழர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். அவர் புறப்பட்ட ஊர் பினாங்கு என்பதும், அவர் தொழிலின் முதல் கையிருப்பு பினாங்குத் தமிழர்களே என்பதும் ஜார்ஜ்டவுனில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அன்றைய பினாங்கு

மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே ரப்பர் தோட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். பினாங்கைப் பொறுத்தவரை அது மிகத் தாமதமான தொடக்கம். 1786 ஆகஸ்டு 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் அந்தத் தீவைக் கம்பெனியின் பெயரால் எடுத்துக்கொண்ட காலத்திலிருந்தே தமிழர்கள் அங்கே கடை வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் இருந்த கெடாவில் அதற்கும் முன்பே அவர்கள் வணிகம் செய்து வந்தார்கள். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து பினாங்கில் குடியிருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் என்று இருக்கிறது. அது தவிர ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வணிகமோ கூலி வேலையோ செய்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும். இன்றைய சூலியா ஸ்திரீட்டின் பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் ‘கப்பித்தான் கெலிங்’ என்ற பட்டத்தோடு தென்னிந்தியர்களுக்குத் தலைவராக இருந்தார். 1801இல் கவர்னர் ஜார்ஜ் லீத் காலத்தில் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உருவானது அப்படித்தான். வணிகத்தில் நிலைத்த ஒருவர் தம் மக்களின் வழக்கைத் தீர்த்து வைப்பதும், வழிபாட்டுக்கு இடம் வாங்கித் தருவதும் அந்தப் பதவியோடு சேர்ந்த கடமைகள். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த நாராயண பிள்ளை இந்த ஏற்பாட்டை அருகிலிருந்து பார்த்திருப்பார்.

ராஃபிள்ஸுக்கும் பினாங்கு பழகிய ஊர்தான். 1805இல் பினாங்கு தனி மாகாணமாக உயர்த்தப்பட்டபோது, உதவிச் செயலாளராக அங்கே வந்து இறங்கிய இளைஞர் அவர். மலாய் மொழியில் கைதேர்ந்தவர். பினாங்கை பெரிய கடற்படைத் தளமாக்க வேண்டும் என்ற கம்பெனியின் ஆசை நிறைவேறாமல் போனதையும் கண்டவர். நீரிணையின் வடக்கு வாயில் ஒரு ஓரமாக இருந்தது. கிழக்கே சீனாவுக்கும் சாவகத் தீவுகளுக்கும் போகும் கப்பல்களுக்குத் தெற்கு வாயில்தான் வேண்டும் என்று அவர் தேடிப் பிடித்த இடம் சிங்கப்பூர்.

பினாங்கில் அரசாங்க வேலை என்பது அன்று சாதாரண விஷயம் இல்லை. மாதச் சம்பளம் உண்டு, மரியாதை உண்டு. சிங்கப்பூரிலோ ஆற்று முகத்தில் சில குடிசைகள், சுற்றிலும் காடு, கரையோரம் சதுப்பு நிலம். டச்சுக்காரர்கள் வந்து விரட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. இருந்தும் பிள்ளை கிளம்பினார். வளர்ந்துவிட்ட ஊரில் இடம் பிடிப்பதைவிட வளரப் போகிற ஊரில் இடம் பிடிப்பது எளிது என்ற கணக்கு அதற்குள் இருந்திருக்க வேண்டும். அவர் அடுத்து செய்த ஒவ்வொன்றும் அந்தக் கணக்கையே காட்டுகிறது.

நாணயம் பார்த்த வேலை

சிங்கப்பூரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில். வந்து சேரும் வெள்ளி நாணயங்களைச் சோதித்துப் பிரிக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய வேலை போலத் தோன்றலாம். அந்தக் காலத்து வட்டாரத்தில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி. மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் அச்சடிக்கப்பட்டு, உலகத்தைச் சுற்றி வந்து சேரும் காசு அது. கூடவே பல ஊர் நாணயங்களும் கலந்து வரும். ஓரம் சுரண்டியது, எடை குறைந்தது, ஈயம் கலந்தது எல்லாம் அதில் இருக்கும். கல்லில் தட்டி ஓசை கேட்டு, கையில் எடை பார்த்து, நல்லது கெட்டதைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். சராப்பு வேலை என்பார்கள். அதைச் செய்பவரை நம்பித்தான் ஓர் அரசாங்கத்தின் கணக்கே நிற்கும்.

இன்னொரு வசதியும் அந்த இடத்தில் இருந்தது. எந்தக் கப்பல்காரர் எவ்வளவு கொண்டு வருகிறார், ஊருக்குள் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது கருவூலத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் போகாது. சிங்கப்பூரில் துறைமுகத் தீர்வை கிடையாது. முதல் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ஃபார்க்குவார், தாம் முன்பு நிர்வகித்த மலாக்காவிலிருந்து மக்களை அழைத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. இருந்த வீடுகள் மரமும் அத்தாப்பும்தான். கிடங்கு கட்ட வேண்டும், கடை கட்ட வேண்டும், அதிகாரிகளுக்கு அலுவலகம் கட்ட வேண்டும். கட்டுவதற்குக் கொத்தனார் இல்லை.

சூளைக்கு முன் ஆட்கள்

இங்கேதான் நாராயண பிள்ளையின் தொழில் கண்ணோட்டம் தெரிகிறது. அவர் பினாங்கில் இருந்த நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பினார். கேட்டது பணம் இல்லை. கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் அனுப்பி வைக்கும்படி கேட்டார்.

பினாங்கில் அப்படிப்பட்டவர்கள் இருந்ததற்குக் காரணம் உண்டு. கார்ன்வாலிஸ் கோட்டை முதலில் நிபோங் மரங்களை நட்டு அடைத்த வெறும் வேலிதான். பிறகு அதைச் செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பினார்கள். 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்டு வந்த ஊர் அது. அதனால் கை பழகிய தொழிலாளிகள் ஒரு தலைமுறை அளவுக்கு அங்கே உருவாகியிருந்தார்கள். சிங்கப்பூருக்கு அவர்களை வரவழைத்தால், பயிற்சி கொடுக்காமலே முதல் நாளிலிருந்து வேலை நடக்கும்.

ஆட்கள் வந்தார்கள். பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது இந்தச் சூளையால்தான்.

செங்கல் தொழில் வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிது. மண், தண்ணீர், விறகு, அச்சு. ஆனால் மண்ணைக் காலால் மிதித்துப் பதம் பார்ப்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். மழை அடிக்கடி பெய்கிற தீவில் பச்சைக் கல்லைக் காயவைப்பது ஒரு போராட்டம். சூளைக்குள் கல்லை அடுக்குவதில் தவறினால் நடுவில் இருப்பது வேகாது, கீழே இருப்பது உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு சூளை கெட்டால் பல நாள் உழைப்பு மண்ணாகப் போகும். இதையெல்லாம் ஓர் எழுத்தர் தானே செய்துவிட முடியாது. செய்யத் தெரிந்தவரை நம்பி, அவர் வந்து சேரும் வரை காத்திருந்து, வந்த பிறகு சோறும் கூரையும் கூலியும் தவறாமல் கொடுத்தால்தான் சூளை எரியும்.

அவர் கேட்டு அனுப்பிய பட்டியலில் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. துணி வணிகர்கள். கொத்தனாரும் தச்சரும் அவருடைய ஒப்பந்த வேலைக்கு வேண்டியவர்கள், புரிகிறது. துணி வணிகர்கள் எதற்கு? பின்னாளில் அவரே துணிக்கடை வைத்தார். அப்படியானால் தமக்குப் போட்டியாக வரக்கூடியவர்களைத் தாமே அழைத்திருக்கிறார். இன்று புதிதாகக் கடை திறக்கும் யாராவது அப்படிச் செய்வார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் ஒரே ஒரு துணிக்கடை இருக்கும் ஊருக்கு வெளியூர் வியாபாரி தேடி வரமாட்டார். பத்துக் கடை இருக்கும் தெருவுக்கு வருவார். துணிச் சந்தை உருவானால் அதில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சூலியா ஸ்திரீட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வணிகர் வந்தால் அவருக்குக் கடை கட்ட வேண்டும், கடை கட்டச் செங்கல் வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். 1821இல் சிங்கப்பூரின் மொத்த மக்கள் தொகை 4,727. அதில் இந்தியர்கள் 132 பேர். 1824இல் எடுத்த கணக்கில் மொத்தம் 10,683 ஆகவும் இந்தியர்கள் 756 ஆகவும் உயர்ந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் பிள்ளை அழைத்து வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. கம்பெனிச் சிப்பாய்கள் இருந்தார்கள், படகோட்டிகளான தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள், மலாக்காவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 132 பேர் கொண்ட சமூகத்தில் பத்துக் கொத்தனார்கள் வந்து சேர்வதே பெரிய மாற்றம்.

இப்படி வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அடைத்து ஏற்றப்பட்டவர்கள் அல்லர். கைத்தொழில் தெரிந்த, ஊர் மாறிப் பிழைக்கத் துணிந்த மனிதர்கள். கரும்புத் தோட்டங்களும் பிறகு ரப்பர் தோட்டங்களும் தமிழர்களை வேறு விதமாக வரவழைத்த காலம் பின்னால் வந்தது.

கிராஸ் ஸ்திரீட் துணிக்கடை

கட்டட வேலையில் கிடைத்த வருமானத்தோடு பிள்ளை பருத்தித் துணி வணிகத்தில் இறங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் கடை. விரைவிலேயே ஊரில் பெரிய துணிக்கடை என்று பெயர் வாங்கியது.

நேரமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணிக்குத் தென்கிழக்காசியாவில் நூற்றாண்டுகளாகக் கிராக்கி. 1813இல் இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமை நீக்கப்பட்ட பிறகு, இங்கிலாந்து ஆலைத் துணியும் கப்பல் கப்பலாக வரத் தொடங்கியிருந்தது. செலிபிஸிலிருந்து பருவக்காற்றில் வரும் பூகிஸ் வணிகர்கள் சிங்கப்பூரில் துணி வாங்கிக்கொண்டு தீவுதீவாகப் போய் விற்றார்கள். வெள்ளைக்கார வணிக நிறுவனங்களிடம் சரக்கு இருந்தது. ஆனால் அந்தச் சரக்கை எந்த வணிகரிடம், எந்த மொழியில், என்ன விலைக்கு விற்பது என்பது அவர்களுக்குத் தெரியாது. நடுவில் ஆசிய வணிகர்கள் தேவைப்பட்டார்கள். சரக்கைக் கடனாகக் கொடுப்பார்கள், விற்ற பிறகு பணம் கட்ட வேண்டும். பூகிஸ் படகுகள் வந்து போகும் பருவத்தை ஒட்டித்தான் எல்லாம் நடக்கும்.

கையில் பெரிய முதல் இல்லாதவர் இப்படிக் கடன் சரக்கில்தான் வளர முடியும். பிள்ளையும் அப்படித்தான் வளர்ந்தார். வெள்ளைக்கார வணிகர்களிடம் பருத்தித் துணியைக் கடனுக்கு வாங்கி அடுக்கினார். பின்னாளில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கால் பதித்த நகரத்தார்கள், மூன்று ஆண்டுக் கணக்கில் முகவர்களை அனுப்பி வட்டிக்கடையை வேறு ஒழுங்கோடு நடத்தினார்கள். கிட்டங்கியில் உடன் இருப்பவர்களின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது. பிள்ளைக்கு அப்படிப்பட்ட அமைப்பு எதுவும் பின்னால் இல்லை. கொடுத்தவர் அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

தீ

1822இல் கடை தீப்பற்றி எரிந்தது.

மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரில் தீ என்பது எல்லாரும் பயந்த விஷயம். துணிக்கடைக்குள் தீ புகுந்தால் என்ன மிஞ்சும்? சரக்கு முழுவதும் போயிற்று. போன சரக்கில் பெரும்பகுதிக்கு இன்னும் பணம் கட்டவில்லை. ஒரே இரவில் ஊரின் பெரிய துணி வணிகர் ஊரின் பெரிய கடனாளிகளில் ஒருவரானார்.

அந்த நிலையில் அவர் முன் இருந்த எளிய வழி கடல். அன்றைய சிங்கப்பூரில் சட்டமும் நீதிமன்றமும் இன்னும் சரியாக வேரூன்றவில்லை. முறையான நீதிமன்றத்துக்கான அரச சாசனம் 1826இல்தான் வந்தது. ஓர் இரவில் படகேறினால் பினாங்கோ நாகப்பட்டினமோ போய்விடலாம். தேடிப் பிடித்து வசூலிப்பது நடக்காத காரியம். அப்படி ஓடியவர்கள் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு.

பிள்ளை ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் போய், சம்பாதித்துத் திருப்பித் தருகிறேன், அவகாசம் வேண்டும் என்று கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். இரக்கத்தால் மட்டும் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. எரிந்த கடையில் ஜப்தி செய்ய ஒன்றும் இல்லை. மறுபடி விற்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருக்கிறது. கருவூலத்தில் முதல் வகையைச் சோதித்துப் பார்த்தவரிடம் இரண்டாவது வகை இருக்கிறதா என்று வணிகர்கள் பார்த்த நேரம் அது.

அந்த ஆண்டு அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாவது முறையாகச் சிங்கப்பூர் வந்தார். தாம் இல்லாத காலத்தில் ஊர் தாறுமாறாக வளர்ந்துவிட்டது என்று அவருக்குக் கோபம். தெருக்களை நேராக்க, இனத்துக்கு ஒரு பகுதி ஒதுக்க, புதிதாக ஊர்த் திட்டம் போட்டார். ஆற்றின் தென்கரைச் சதுப்பைத் தூர்க்க, அருகில் இருந்த ஒரு சிறு குன்றையே வெட்டிக் கொட்டினார்கள். அந்த மண்ணில் உருவானதுதான் கமர்ஷியல் ஸ்குவேர். இன்று அது ராஃபிள்ஸ் பிளேஸ், வானளாவிய வங்கிக் கட்டடங்களின் இடம். பிள்ளை ராஃபிள்ஸைச் சந்தித்துத் தம் நிலையைச் சொன்னார். கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே கிடங்கு கட்டித் தொழிலை மறுபடி தொடங்கினார்.

ராஃபிள்ஸின் பெருந்தன்மை என்று இதைச் சொல்லுவது வழக்கம். உண்மையில் இருவருக்கும் இதில் ஆதாயம் இருந்தது. தூர்த்த மண்ணில் கடைகளும் கிடங்குகளும் எழுந்தால்தான் ராஃபிள்ஸின் திட்டம் காகிதத்தை விட்டு வெளியே வரும். புதிய ஊர்த் திட்டம் கேட்டது செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் வாசலில் தொடர்ச்சியான நடைபாதையும் கொண்ட வீடுகள். பினாங்குக் கடைத்தெருக்களில் இன்றும் ‘அஞ்சடி’ என்று தமிழர்கள் சொல்லும் அதே நடைபாதை. அப்படிக் கட்டத் தெரிந்த ஆட்களை ஊருக்கு வரவழைத்தவரே இவர். அவர் ஊரை விட்டுப் போவதைவிட ஊரில் நிற்பது ராஃபிள்ஸுக்கும் நல்லது.

பிள்ளை மறுபடி தலைநிமிர்ந்தார். வணிகம் பழைய நிலைக்கு வந்தது.

தலைமையும் கோயிலும்

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்குத் தலைவராக நாராயண பிள்ளையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. தமிழர்களுக்குள் வரும் சச்சரவுகளைத் தீர்க்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. கூலி பாக்கி, கடை எல்லை, கொடுக்கல் வாங்கல் என்று வருகிற வழக்குகள்தான். பினாங்கில் கப்பித்தான் கெலிங் செய்து வந்த வேலை அது. கடன்பட்டு நின்று மீண்டவர் ஒருவர் கடன் வழக்கைக் கேட்பது அந்த மக்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் வரவழைத்தவர்களும் தாமாக வந்தவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள். வேலை இருக்கும்வரை இருப்பார்கள், மனம் சரியில்லையென்றால் அடுத்த கப்பலில் கிளம்பிவிடுவார்கள். பினாங்கைப் பற்றி லைட் எழுதியதும் அதுதானே, வருவதும் போவதுமாக இருந்த கூட்டம். அவர்களை ஓரிடத்தில் நிறுத்த கூலி மட்டும் போதாது. பிள்ளை ஆரம்பத்திலிருந்தே கோயிலுக்கு நிலம் கேட்டுக்கொண்டிருந்தார். தெலுக் ஆயரில் ஓர் இடம் கொடுத்தார்கள். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, ஆனால் சடங்குகளுக்கு வேண்டிய நன்னீர் அங்கே கிடைக்கவில்லை. 1821இல் ஃபார்க்குவார் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே வேறு இடம் தந்தார். அடுத்த ஆண்டு ராஃபிள்ஸின் ஊர்த் திட்டம் வந்தது, அந்த இடமும் சரிப்படவில்லை. கடை எரிந்து கடனில் நின்ற அதே சமயத்தில்தான் கோயில் நிலமும் இரண்டாவது முறையாகக் கைநழுவியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்தது. 1827இல் அங்கே கோயில் எழுந்தது. செங்கல் சூளைக்காரர் கட்டிய கோயில் என்றாலும் முதல் கோயில் மரமும் அத்தாப்பும்தான். உள்ளே அவர் நிறுவியது மாரியம்மனின் சிறு திருவுருவம், ‘சின்ன அம்மன்’. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அம்மையிலிருந்தும் மற்ற நோய்களிலிருந்தும் காப்பவள் என்று கும்பிடப்படும் தெய்வம். வைத்தியர் இல்லாத ஊரில் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்த தொழிலாளிகளுக்கு வேறு எந்தத் தெய்வத்தைவிடவும் நெருக்கமானவள். ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது 1833இல். நீரிணையின் இரு முனைகளிலும் தமிழர்கள் ஒரே அம்மனைத்தான் முதலில் நாடியிருக்கிறார்கள்.

கோயில் வழிபாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அங்கே ஒதுங்கலாம். யாருக்கு ஆள் வேண்டும், எந்த வேலைக்கு என்ன கூலி, ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்ற செய்திகள் இயல்பாகவே அங்கேதான் கைமாறும். பின்னாளில் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது இருந்தது. முன்பு ஆள் வேண்டும் என்று பினாங்குக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தவருக்கு, இப்போது ஆட்கள் தாமே வந்து இறங்கும் வாசல் ஒன்று கிடைத்தது.

அதற்குள் அரசியலும் மாறியிருந்தது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒன்றாக இணைக்கப்பட்டன. தலைநகரம் முதலில் பினாங்குதான். 1832இல் அது சிங்கப்பூருக்குப் போனது. 1819இல் பிள்ளை போட்ட கணக்குச் சரியாகிவிட்டதை அந்த ஆண்டு எல்லாருக்கும் காட்டியது. பினாங்கு வணிகர்கள் பலர் அதன் பிறகுதான் தெற்கே பார்க்கத் தொடங்கினார்கள்.

பின்னர்

மரக் கோயில் பிறகு செங்கல் கோயிலாயிற்று. இப்போதைய கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஐ ஒட்டியவை. ராஜகோபுரம் அதற்கும் பிந்தியது. கோயிலின் இருபுறமும் செல்லும் தெருக்களுக்குப் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்று பெயர் விழுந்தது. இரண்டுமே இந்தக் கோயிலைக் குறிக்கும் பெயர்கள். சுற்றிலும் சைனாடவுன் வளர்ந்துவிட்டதால், அந்தப் பெயர்களைச் சீனக் கோயிலோடு சேர்த்து நினைக்கும் சுற்றுலாப் பயணிகள் இன்றும் உண்டு. 1973இல் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு சிலைகளைச் சில காலத்துக்கு நிறுத்தினார்கள். சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, தான் டோக் செங், நாராயண பிள்ளை. இவர்களில் அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர், தமிழ் வழியும் அரபு வழியும் கலந்தவர். டோக் செங்கும் மலாக்காக்காரர்தான். காய்கறி விற்று முன்னேறி, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவர். ராஃபிள்ஸ் தனியாக ஊரைக் கட்டவில்லை என்று சொல்வதற்காகச் சேர்க்கப்பட்ட சிலைகள் அவை. பினாங்கிலிருந்து போனவர் அந்த வரிசையில் பிள்ளை ஒருவர்.

அவர் வரவழைத்த கொத்தனார்கள், தச்சர்கள், துணி வணிகர்களின் பெயர்கள் எந்தச் சிலையிலும் இல்லை. அவர்கள் கட்டிய முதல் வீடுகளும் நிற்கவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயிலின் மூலஸ்தானத்தில் இருப்பது 1827இல் பிள்ளை நிறுவிய அதே சின்ன அம்மன் என்று நம்பப்படுகிறது.